சர்டிபிகேட்டில் ஒட்டிய பெயர்: கராத்தே சங்க அனுபவங்கள்

செவ்வாய்ப்பேட்டை சீடன்:
ரொம்ப நாளாக உறுத்துகிறது, எழுதிவிடுகிறேன். எங்கள் மாஸ்டர் சேலத்தில் இருந்துகொண்டே அகில இந்திய சங்கம் கட்டியவர். சங்கங்கள் உடைந்த கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். செல்போன் இல்லாத காலம். காலையில் ஸ்டேடியத்தில் கிளாஸ், ராத்திரி ரயிலேறி ஆந்திரா, கேரளா. ஒரு மாஸ்டர், ஒரு லெட்டர்பேட், ஒரு சீல் இருந்தால் அது மாநிலக் கிளை, அவ்வளவுதான்.

அப்புறம் ஐந்து ரோடு பக்கம் கல்யாண மண்டபத்தில் பொதுக்குழு, தகராறு. பதிவுப் பத்திரம் செயலாளர் கையில் இருந்தது. சங்கத்தின் பெயர் அவரோடு போனது. மறுநாள் ஏற்காட்டில் கிரேடிங், அதாவது பெல்ட் பரீட்சை. சர்டிபிகேட் எல்லாம் பழைய பெயரில் அச்சாகிக் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. புதுப் பெயரைத் துண்டுச்சீட்டாக அடித்து, மைதா பசை காய்ச்சி, ராத்திரி முழுக்க ஒட்டினோம். மாஸ்டர் ஒவ்வொன்றையும் வாங்கி, மகிவாரா என்ற பயிற்சிப் பலகையைக் குத்திக் காய்ப்பேறிய விரல் முட்டியால் ஓரத்தை நீவினார். "கோணலா இருந்தா பசங்க வருத்தப்படுவாங்கடா" என்றார். பெயர் போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடிவாரம்:
ஒட்டுப்போட்ட சர்டிபிகேட் என்னிடமும் உண்டு, அது வேறு சங்கம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குப் போட்டிருந்தேன். சரிபார்த்தவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "தம்பி, இதுல எந்தப் பேரு உங்க சங்கம்?" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். உங்கள் மாஸ்டருக்குக் கோணல் கவலை, எங்களுக்கு வேலையே போச்சு. நாற்காலிச் சண்டையைத் தியாகம் மாதிரி எழுதாதீர்கள் அண்ணே.

பழைய நடுவர்:
சேலத்தில் ஒரே நாளில் இரண்டு "மாநில சாம்பியன்ஷிப்" நடந்து, ஒன்றில் விசில் ஊதிவிட்டு ஆட்டோ பிடித்து இன்னொன்றுக்கு ஓடியவன் நான். அது கிடக்கட்டும். பெற்றோர் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்வது வேறு, விளையாட்டுச் சங்கமாக அங்கீகாரம் பெறுவது வேறு. ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் பதிவு கிடைத்துவிடும். அங்கீகாரம் அப்படியல்ல, மத்திய அரசு ஒரு விளையாட்டுக்கு ஒரு தேசிய சம்மேளனத்தைத்தான் அங்கீகரிக்கும். தலைவர் 12 ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது, வயது 70ஐத் தாண்டக் கூடாது என்று 2011 விளையாட்டு நெறிமுறையில் இருந்தது. நம் ஆட்கள் எத்தனை பேர் அதில் தேறியிருப்பார்கள்? டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல்முறையாகக் கராத்தே சேர்ந்த சமயம் பார்த்து, 2020இல் உலகக் கராத்தே சம்மேளனம் இந்தியச் சங்கத்தின் அங்கீகாரத்தை நிறுத்தி வைத்தது. அடுத்த பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தேயே இல்லை. ஆகவே பெல்ட் பரீட்சைக்குப் பணம் கட்டும் முன் மாவட்டம், மாநிலம், தேசியம் என்று இணைப்புக் கடிதங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரசீது இல்லாமல் பணம் தராதீர்கள். சர்டிபிகேட்டை லேமினேட் செய்யாதீர்கள். இன்னொன்று, பையனுக்கு முட்டி வலி இருந்தால்...

செவ்வாய்ப்பேட்டை சீடன்:
சார், லேமினேஷன் பற்றி யாரும் கேட்கவில்லை. அடிவாரம் தம்பி, உங்கள் வேலை போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் நாற்காலிச் சண்டை என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. ஜப்பானில் நவீன கராத்தேயின் தந்தை எனப்படும் புனகோஷி 1957இல் இறந்தபோது இறுதிச் சடங்கை யார் நடத்துவது என்பதிலேயே சீடர்கள் பிரிந்தார்கள். அங்கேயே அந்தக் கதி. எங்கள் மாஸ்டர் பொதுக்குழுவன்று மேடை ஏறவே இல்லை, பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அடிவாரம்:
சாம்பார் ஊற்றிய நேரத்தில் பத்திரத்தை வாங்கி வைத்திருக்கலாம். சரி, விடுங்கள். எனக்கு ஒட்டுச் சர்டிபிகேட் தந்தவரின் மகனிடம்தான் இப்போது என் பையன் பழகுகிறான். நன்றாகச் சொல்லித் தருகிறார். நடுவர் சாருக்கு ஒரு தகவல்: ரசீது மட்டும் இன்னும் தருவதில்லை.