வேலைநாள், வார ஓய்வு, நகர்த்தல் விதி: விரிதாள் தமிழாக்கச் சொற்கள்

வணக்கம் நண்பர்களே,

எக்செல் போன்ற விரிதாள் மென்பொருளின் தமிழாக்க வரைவில் ‘business day’ என்பதற்கு வந்துள்ள ‘வணிகநாள்’ என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் நெரியும். அன்று நடப்பது வணிகம் இல்லையா? ஆனால் விரிதாளின் கணக்கில் அந்த ஞாயிறு வராது. வங்கியும் அலுவலகமும் இயங்கும் நாளைத்தான் நாட்களைக் கணக்கிடும் விரிதாள் சார்புகள் (functions) எண்ணுகின்றன. அதற்கு ‘வேலைநாள்’ ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருக்கிறது. “மூன்று வேலைநாட்களுக்குள்” என்றால் விளக்கம் கேட்பார் யாரும் இல்லை. சேர்த்து எழுதினால் போதும், கலைச்சொல் தயார்.

‘வார இறுதி’ என்பதையும் மாற்ற வேண்டும். சவூதியில் 2013 முதல் வெள்ளி, சனி ஓய்வு, ஞாயிறு வேலை. திங்களில் தொடங்கும் விரிதாள் வாரத்தில் அந்த ஓய்வு இறுதியில் வருவதில்லை. ‘வார ஓய்வு’ என்றால் எந்தக் கிழமைக்கும் பொருந்தும்.

உதவிக் குறிப்பு எழுதுவோர் இங்கே கவனிக்க வேண்டும். எக்செல்லில் சனி, ஞாயிறு ஓய்வை, திங்கள் முதல் ஞாயிறு வரை நாளுக்கு ஓர் இலக்கமாக, 0000011 என்று கொடுக்கிறோம். 1 என்றால் ஓய்வு. பைத்தான் நிரல்மொழியின் நம்பை (NumPy) என்ற கணக்கீட்டு நூலகத்தில் அதே வாரம் 1111100. அங்கே 1 என்றால் வேலை. எனவே ‘ஓய்வுக்கு 1’ என்று குறிப்பிலேயே சொல்லிவிடலாம். அப்புறம், 2015 செப்டம்பர் 1 முதல் இந்திய வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. ஏழு இலக்கத்துக்குள் இதை அடக்க முடியாது, தேதிகளாகத்தான் தர வேண்டும். ஆகவே விடுமுறைத் தேதிகளைத் தரும் உள்ளீட்டுக்கு வரைவில் உள்ள ‘பண்டிகைகள்’ என்ற பெயர் சரிவராது. ‘விடுமுறைப் பட்டியல்’ என்றால் இந்தச் சனிக்கிழமைகளும் அடங்கும், இலங்கையின் போயா தினங்களும் (பௌர்ணமி விடுமுறைகள்) அடங்கும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இனிமேல்தான். தவணைத் தேதி விடுமுறையில் விழுந்தால் எந்தப் பக்கம் நகர்த்துவது? ‘முன் நகர்த்தல்’, ‘பின் நகர்த்தல்’ என்று வரைவில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். தமிழில் ‘முன்’ காலத்தைச் சொன்னால் கடந்தது, இடத்தைச் சொன்னால் எதிரே இருப்பது. ‘கூட்டத்தை இரண்டு நாள் முன்னால் நகர்த்துங்கள்’ என்றால் பாதிப் பேர் சீக்கிரம் வருவார்கள், மீதிப் பேர் தாமதமாக வருவார்கள். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்தக் குழப்பம் கூடாது.

சட்டமே இரண்டு பக்கமும் போகிறது. புரோநோட்டு முதிரும் நாள் பொது விடுமுறையானால், 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி அதற்கு முந்தைய வேலைநாளிலேயே பணம் தர வேண்டும். நீதிமன்றத்தில் மனு கொடுக்கும் கடைசி நாள் விடுமுறையானால், 1897ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி, மறுபடி திறக்கும் நாளில் கொடுக்கலாம். எனவே ‘முந்தைய வேலைநாள்’, ‘அடுத்த வேலைநாள்’ என்றே விதிகளுக்குப் பெயர் வைப்போம். ‘முந்தைய’ என்ற சொல்லில் இடப்பொருள் வந்து குறுக்கிடாது.

மூன்றாவது விதி, அடுத்த வேலைநாள் வேறு மாதத்துக்குப் போய்விட்டால் முந்தைய வேலைநாளுக்குத் திரும்புவது. 2025 ஆகஸ்ட் 31 ஞாயிறு. அடுத்த வேலைநாள் செப்டம்பர் 1, மாதம் மாறிவிடுகிறது. சனியும் ஞாயிறும் ஓய்வெடுக்கும் அலுவலகத்துக்கு விடை ஆகஸ்ட் 29, வெள்ளி. வங்கிக்கோ ஆகஸ்ட் 30, ஏனென்றால் அது ஐந்தாவது சனி, வேலைநாள். ‘திருத்திய அடுத்த நாள்’ என்ற வரைவுச் சொல்லில் இதில் எதுவும் தெரியவில்லை. ‘மாதம் தாண்டா வேலைநாள்’ என்பது என் முன்மொழிவு. கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் விதி முழுவதும் பெயரிலேயே இருக்கிறது.

கடைசியாக, இரண்டு தேதிகளுக்கு வேலைநாட்களை எண்ணித் தரும் நெட்வொர்க்டேஸ் (NETWORKDAYS) சார்புக்கு ‘இடைப்பட்ட வேலைநாட்கள்’ பொருந்தாது. அது தொடக்க நாளையும் முடிவு நாளையும் சேர்த்தே எண்ணும். திங்கள் முதல் வெள்ளி வரை 5. ‘வேலைநாள் எண்ணிக்கை’ போதும்.

‘மாதம் தாண்டா’ என்பதைவிடச் சுருக்கமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். மற்ற ஆறையும் இப்படியே பதியலாம் என்பது என் கருத்து.