நடப்பவர்களும் சைக்கிளும் ஒரே பாதையில்: மணியை எப்போது அடிப்பது?

காலைச்சக்கரம்:

வணக்கம். வேலைக்குப் போக, வர எனக்கு சைக்கிள்தான். வழியில் நான்கு கிலோமீட்டர் தூரம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் பொதுவான பாதை. நடுவில் கோடு கிடையாது, அகலம் இரண்டரை மீட்டர் இருக்கும். மூன்று வருடமாக அதில் ஓட்டுகிறேன், யார் மேலும் பட்டதில்லை. போன செவ்வாய்க்கிழமை கொஞ்சத்தில் தப்பியது.

முன்னால் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, பேரன் கையைப் பிடித்தபடி இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார். வலப்பக்கம் காலி. வழக்கம்போல் பக்கத்தில் வந்ததும் மணியை இரண்டு தடவை அடித்தேன். அவர் பையனை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வலப்பக்கம் பாய்ந்தார், நேராக என் சக்கரத்துக்கு முன்னால். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். பின்சக்கரம் வழுக்கி சைக்கிள் குறுக்கே திரும்பி நின்றது. முன்சக்கரத்துக்கும் பையனின் முட்டிக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். அந்த அம்மாவின் மூக்குக்கண்ணாடி கீழே கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன், ஒரு பக்கக் கம்பி வளைந்திருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். "நீ எந்தப் பக்கம் வரேன்னு தெரியலையேப்பா" என்று மட்டும் சொன்னார். அவர் கை நடுக்கம் நிற்கவே இல்லை.

மணி அடிப்பதுதான் மரியாதை என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். அடிக்காமல் போனால் சத்தமே இல்லாமல் வந்து உரசிக்கொண்டு போகிறான் என்கிறார்கள். அடித்தால் பதறுகிறார்கள். "ஓரம், ஓரம்" என்று குரல் கொடுத்தும் பார்த்திருக்கிறேன். எந்த ஓரம் என்று தெரியாமல் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுங்குகிறார்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஓட்டுபவர்களை விட நடப்பவர்கள் சொல்வதைத்தான் முதலில் கேட்க விரும்புகிறேன்.

அந்திநடை:

நான் நடப்பவள். சின்ன வயதிலேயே எனக்கு வலது காது கேட்காமல் போய்விட்டது. அந்த அம்மா சொன்ன வார்த்தை எனக்கு நன்றாகப் புரிகிறது.

சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. எந்தக் காதில் முதலில் விழுந்தது, எதில் பலமாக விழுந்தது என்று பார்க்கிறது. ஒரு காதுதான் என்றால் ஒப்பிட வழியில்லை. மணி கேட்கும், பக்கம் தெரியாது. எனக்கு எல்லா மணியும் இடப்பக்கம் அடிப்பது போலவே இருக்கும். அதனால் கால் தன்னால் வலப்பக்கம் போகும். சைக்கிள் வலப்பக்கமாக வந்தால் நான் அதன் எதிரில்தான் போய் நிற்கிறேன். வயதானவர்களுக்கு வேறொரு சிக்கல், கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் காதில் முதலில் குறையும். சின்ன மணியின் "கிணிங்" அவர்களுக்கு மிகவும் கிட்டத்தில் வந்த பிறகுதான் கேட்கலாம்.

எனக்கு வேண்டியது அவகாசம். தூரத்திலேயே ஒரு தடவை அடியுங்கள். நான் நிற்பேன், திரும்பிப் பார்ப்பேன், அப்புறம் ஒதுங்குவேன். நான் திரும்பிப் பார்க்கும் வரை முந்த வேண்டாம். பார்க்கவே இல்லை என்றால் எனக்குக் கேட்கவில்லை என்று அர்த்தம், வேண்டுமென்றே வழிவிடாமல் போகிறேன் என்று அர்த்தமில்லை. அந்த நேரத்தில் விடாமல் மணி அடிப்பவர்களால்தான் நான் இரண்டு மாதம் அந்த மாதிரிப் பாதைக்கே போகாமல் இருந்தேன்.

வெள்ளைக்கோலோடு நடக்கும் ஒரு தோழியும் எனக்கு உண்டு. கோலின் நுனி அவர் காலுக்கு ஒரு மீட்டருக்கும் மேல் முன்னால் தட்டிக்கொண்டு போகும். அவரை நெருங்கி முந்திவிட்டு உடனே குறுக்கே வெட்டினால் ஆரக்கம்பியில் கோல் சிக்கிக்கொள்ளும். கோலைப் பார்த்தால் தயவுசெய்து வேகத்தைக் குறைத்து, "சைக்கிள் வருதுங்க, உங்க வலப்பக்கமா போறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பழைய ஃப்ரீவீல்:

தம்பி, "பக்கத்தில் வந்ததும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மீட்டர்? விஷயமே அதில்தான் இருக்கிறது.

மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஐந்தரை மீட்டர். ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும் என்று வையுங்கள், அதிலேயே ஐந்தரை மீட்டர் போய்விட்டது. பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த தரையில் இன்னும் நான்கு மீட்டர். ஆக பத்து மீட்டருக்குப் பக்கம். அதே 30 கிலோமீட்டர் வேகத்தில் பதினேழு. 12-க்குக் குறைத்தால் ஐந்து மீட்டரில் நின்றுவிடலாம். ஈரத்தில் இந்தக் கணக்கெல்லாம் கூடும், உதிர்ந்த இலையோ பெயின்ட் கோடோ இருந்தால் கேட்கவே வேண்டாம். ஐந்து மீட்டரில் மணி அடித்துவிட்டு 20-ல் வந்தால், அவர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் உங்களால் நிறுத்த முடியாது.

முப்பது மீட்டரில் அடித்துப் பாருங்கள். நடப்பவர் மணிக்கு 5 கிலோமீட்டர் போகிறார், நீங்கள் 20. நீங்கள் அவரை எட்ட ஏழு நொடி ஆகும். ஏழு நொடியில் பாட்டி நிதானமாகத் திரும்பிப் பார்த்து, பேரனைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம். அடித்த கையோடு பெடலை நிறுத்துங்கள். நான் பல வருடமாக அதைத்தான் செய்கிறேன். பெடல் நின்ற பிறகும் பின்சக்கரத்தைச் சுழல விடும் ஃப்ரீவீலின் டிக் டிக் டிக் சத்தம் அடங்காமல் வந்துகொண்டே இருக்கும், ஏதோ நெருங்கி வருகிறது என்று காதுக்குத் தெரியும், யாரும் திடுக்கிடுவதில்லை. சில சைக்கிளின் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடு உருளையில், அந்தச் சத்தமே வராது, அப்போது குரல்தான்.

அகலத்தையும் பாருங்கள். இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் ஒன்றேகால் மீட்டர் போய்விடும். ஹேண்டில்பார் அறுபது, எழுபது சென்டிமீட்டர். உங்கள் இரண்டரை மீட்டர் பாதையில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து மிச்சம் அரை மீட்டர் சொச்சம். நடக்கிற குழந்தைக்கு ஒரு எட்டுதான் அது. அங்கே நடைவேகத்துக்கு வந்துவிட வேண்டும், முடியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள்.

இருட்டில் இன்னொன்று. முன்விளக்கைத் தரையைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். எதிரே வருகிறவர் முகத்தில் அடித்தால் அவருக்குக் கொஞ்ச நேரம் பாதையே தெரியாது.

வாலாட்டி வீடு:

நாய் வளர்ப்பவர்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. இழுத்தால் நீளும் வார் வைத்திருந்தேன். நாய் ஒரு ஓரத்தில், நான் மறு ஓரத்தில், நடுவே முட்டி உயரத்தில் மெல்லிய கயிறு. சைக்கிளில் வருபவர் கண்ணுக்கு அது தெரியாது என்று எனக்குத் தோன்றவே இல்லை, ஒரு பெண் அதில் மாட்டி விழும் வரைக்கும். அவருக்கு மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. இப்போது பொதுப்பாதையில் குட்டை வார்தான், நாய் எப்போதும் என் ஓரத்துப் பக்கம். நடப்பவர்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. காதொலிப்பானை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு திடீரென்று திரும்பி நடப்பவர்களையும் தினமும் பார்க்கிறேன்.

மைல்கல்:

விதி என்ன சொல்கிறது என்று யாரும் எழுதவில்லை. சாலைப் போக்குவரத்துக்கான 1968-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை, போதுமான தூரத்துக்குக் கேட்கும் மணி சைக்கிளில் இருக்க வேண்டும் என்கிறது. தூரம் என்ற சொல் அதிலேயே இருக்கிறது. பிரிட்டனில் 2022 ஜனவரியில் திருத்திய சாலை விதித் தொகுப்பு இன்னும் தெளிவு: யாரால் அதிகச் சேதம் விளையுமோ அவருக்கே பொறுப்பு அதிகம். பொதுப்பாதையில் சைக்கிள்தான் நடப்பவருக்கு வழிவிட வேண்டும். பின்னாலிருந்து நெருங்கியோ வேகமாகவோ கடக்கக் கூடாது, அவருக்குக் காது கேட்காமலோ கண் தெரியாமலோ இருக்கலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் விதி மாறும், உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நடப்பவருக்கு முதல் உரிமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காலைச்சக்கரம்:

எல்லோருக்கும் நன்றி. ஆறு நாள் முயன்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் தூரத்தை அளந்தேன். நான் இத்தனை நாள் அடித்தது ஆறு, ஏழு மீட்டரில். இப்போது நடப்பவருக்கும் எனக்கும் நடுவே இரண்டு விளக்குக் கம்பம் இருக்கும்போதே ஒரு தடவை அடித்துவிட்டு பெடலை நிறுத்திவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். யாரும் துள்ளவில்லை. திரும்பாதவர்கள் பின்னால் நடைவேகத்தில் போய், இடம் கிடைத்ததும் "வலப்பக்கமா போறேங்க" என்று சொல்லிக் கடக்கிறேன். நான்கு கிலோமீட்டருக்கு முன்னை விட மூன்று நிமிடம் கூடுகிறது, அவ்வளவுதான்.

அந்திநடை அக்கா, மணி ஒரு பக்கத்திலேயே கேட்கும் என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அந்த அம்மாவின் முகம்தான் கண்ணில் நிற்கிறது. இன்னும் அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்யும் செலவு என்னுடையது என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், தோன்றவில்லை. அதே நேரத்துக்கு அதே இடத்தில் தினமும் கொஞ்சம் நின்று பார்க்கிறேன்.