வீடுகளுக்கு நடுவே மதுக்கடை: மனு எழுத உதவுங்கள்

வணக்கம். எங்கள் நகராட்சியில், வீடுகள் நிறைந்த தெருவில் மதுக்கடை திறக்க வேலை நடக்கிறது. டியூஷன் முடிந்து பிள்ளைகள் இருட்டில் நடந்து வரும் வழி அது. வயிற்றைக் கலக்குகிறது.

2003-ஆம் ஆண்டு மது சில்லறை விற்பனை விதிகளில் 8-வது விதி, நகராட்சியில் கோயில், பள்ளிகளிலிருந்து 50 மீட்டர் இடைவெளி கேட்கிறது. வீடுகளுக்கு அப்படித் தூரம் எதுவும் இல்லை. வணிகப் பகுதியாக வகைப்படுத்திய இடமென்றால் அந்த 50 மீட்டரும் பொருந்தாது.

தெருமுனையில் பிள்ளையார் கோயில் இருக்கிறது. அதனால் கடை வரும் இடத்தின் சர்வே எண் குடியிருப்பா, வணிகமா என்பதுதான் முக்கியம். எந்த இடம் எந்தப் பயன்பாட்டுக்கு என்று வகைப்படுத்தும் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அதை எப்படிப் பார்ப்பது? அப்புறம், தூரத்தை எங்கிருந்து அளப்பார்கள்?

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுக்கிறோம். இப்படிக் கொடுத்துக் கடையை மாற்ற வைத்தவர்கள் இருந்தால், மனுவின் நகலைத் தயவுசெய்து பகிருங்கள்.