பார்னெட் குவீன் எலிசபெத் பள்ளி: கண்டவர்கள் கண்டதைச் சொல்லுங்கள்

ஹாரோவிலிருந்து ஒரு தந்தை

வடக்கு லண்டன் பார்னெட்டில், பதினொரு வயதில் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் இந்த ஆண்கள் பள்ளியின் பெயரை எடுத்தாலே நம்மவர்கள் கேட்பது ஒரே கேள்வி: எத்தனை மார்க் எடுத்தால் இடம் கிடைக்கும்? அந்தக் கணக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பள்ளியை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள். நானே தொடங்குகிறேன். மகன் அங்கே ஒன்பதாம் ஆண்டில் படிக்கிறான்.

ஜூன் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை நிறுவனர் நாள். முதலில் ஊர்த் தேவாலயத்தில் வழிபாடு. பிறகு பள்ளிக் கட்டடத்தின் முன்னே பையன்கள் அணிவகுத்து நிற்க, வருகைப்பதிவு எடுத்து, பள்ளியின் வரலாற்றை உரக்க வாசிக்கிறார்கள். வரலாற்றுக்கும் குறைவில்லை. 1573-இல் முதலாம் எலிசபெத் அரசி பட்டயம் கொடுத்தார். பரிந்து பேசி அதை வாங்கித் தந்தவர் லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லி. வுட் ஸ்ட்ரீட்டில் தேவாலயத்துக்கு எதிரே அந்தப் பழைய டியூடர் கட்டடம் இன்றும் நிற்கிறது. பள்ளி குவீன்ஸ் ரோட்டுக்கு வந்தது 1932-இல்தான். வெயிலில் கோட்டுடன் நிற்கும் பதினொரு வயதுப் பையன் இதில் எதைக் காதில் வாங்குவானோ! என் மனைவிக்குத்தான் கண் கலங்கியது.

பிராட்டன், ஹாரிசன்ஸ், லெஸ்டர், பியர்ஸ், ஸ்டேபில்டன், அண்டர்ன் என்று ஆறு இல்லங்கள், அதாவது மாணவர்களைப் பிரித்துவைக்கும் அணிகள் (ஹவுஸ்). சேரும்போதே ஒன்றில் போட்டுவிடுகிறார்கள். விளையாட்டு முதல் பேச்சுப்போட்டி வரை இல்லங்களுக்கிடையே மல்லுக்கட்டுதான். யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு இல்ல மெய்வல்லுநர் போட்டி நினைவுக்கு வரும். ரக்பி உண்டு என்று தெரிந்தே போனேன். ஈட்டன் ஃபைவ்ஸ் என்ற ஆட்டத்தை அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன்: கையுறை போட்டுக்கொண்டு பந்தைச் சுவரில் அடிக்கிறார்கள். ஆடுகளத்தின் ஒரு பக்கம் சுவரிலிருந்து முட்டுத்தூண் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறது. ஈட்டன் கல்லூரித் தேவாலயத்தின் வெளிச்சுவரை ஒட்டிப் பிறந்த ஆட்டமாம். அந்தத் தூணையும் விடாமல் கட்டிவைத்திருக்கிறார்கள்!

பழைய மாணவர், எண்பதுகள்

அண்ணா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 1932-இலிருந்து நேரே உங்கள் மகனிடம் தாவிவிட்டீர்கள்.

நான் அங்கே சேர்ந்தபோது தேர்வே கிடையாது. பக்கத்தில் வீடு, இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு நாடு முழுக்கப் பதினொரு வயதில் பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்: தேறியவர்கள் கிராமர் பள்ளிக்கு, மற்றவர்களில் பெரும்பாலோர் செகண்டரி மாடர்ன் பள்ளிக்கு. 1965-இல் லேபர் அரசு அந்தப் பிரிவினையை விட்டுவிடும்படி உள்ளாட்சிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. 1971-இல் எங்கள் பள்ளி எல்லாரையும் சேர்க்கும் காம்ப்ரிஹென்சிவ் ஆனது. 1989-இல் உள்ளாட்சியின் பிடியிலிருந்து விலகி மத்திய அரசின் நேரடி மானியத்துக்கு மாறியது. 1994-இல் மறுபடி தேர்வு வைக்கத் தொடங்கியது. நல்ல நேரம் பார்த்துத்தான் திரும்பியது. 1998 சட்டம் புதிய கிராமர் பள்ளிகளுக்கு வழியை அடைத்துவிட்டது. இன்று இங்கிலாந்து முழுக்க 163-தான் இருக்கின்றன.

நானூற்றைம்பது ஆண்டுப் பாரம்பரியம் என்று யாராவது பெருமை பேசினால் எனக்குச் சிரிப்பு வரும். தேர்வு இல்லாத இருபத்துமூன்று ஆண்டுகளையும் சேர்த்துத்தானே அந்தக் கணக்கு? அந்தக் காலத்துப் பையன்களும் மருத்துவர், பொறியாளர், பஸ் ஓட்டுநர் என்று நன்றாகத்தான் இருக்கிறோம்.

கென்ட்டிலிருந்து ஒரு தாய்

எங்கள் நிலைமை வேறு. பார்னெட்டில் மார்க் வரிசைப்படி மேலிருந்து எடுக்கிறார்கள். தூரம் ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் லண்டனின் மறுகோடியிலிருந்தும் பிள்ளைகள் ரயிலேறி வருகிறார்கள். கென்ட்டில் மாவட்டம் முழுவதுமே பழைய முறைதான்: 32 கிராமர் பள்ளிகள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு தேர்வு, தேறினாயா இல்லையா என்று ஒரு கோடு. மூத்தவள் கோட்டைத் தாண்டினாள். இளையவன் தாண்டவில்லை. காலையில் ஒரே மேசையில் இரண்டு விதப் பள்ளிக் கழுத்துப்பட்டை (டை) கிடக்கும். ஊரில் யார் பார்த்தாலும் எது எந்தப் பள்ளி என்று தெரியும். தேர்வை ஆதரிப்பவர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி – வெம்பிளி

இலங்கையில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தவன் நான். இங்கே பேரனுக்கு இந்த நுழைவுத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. ஆங்கிலம், கணிதம், கொடுத்த விடைகளில் ஒன்றைத் தெரிவுசெய்வது, அவ்வளவுதான். விடைத்தாள்தான் பொல்லாதது. பெட்டிக்குள் பென்சிலால் குறுக்காக ஒரு சிறு கோடு இழுக்க வேண்டும். ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும் பிள்ளை கோட்டை மட்டும் விட்ட கேள்வியின் வரிசையிலேயே போட்டுவிடும். அதற்குப் பிறகு எல்லாம் ஒரு பெட்டி தள்ளிப் போகும். இயந்திரத்துக்கு இரக்கம் ஏது? அறிவை வளர்ப்பதோடு, விரலை வைத்து எண்ணைச் சரிபார்க்கவும் பழக்குங்கள்.

ஆகஸ்டில் பிறந்து வகுப்பிலேயே இளையவர்களாக இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பதற வேண்டாம். வயதைக் கணக்கில் எடுத்துத்தான் மார்க்கைச் சரிசெய்கிறார்கள்.

புதிய உறுப்பினர், சென்னை

அடுத்த ஆண்டு குடும்பத்தோடு லண்டன் வருகிறோம். மகள் அங்கே ஐந்தாம் ஆண்டில் சேருவாள். இந்தப் பள்ளிக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

ஹாரோவிலிருந்து ஒரு தந்தை

சகோதரி, இது ஆண்கள் பள்ளி. மகளுக்கு வடக்கு லண்டனில் ஹென்ரியெட்டா பார்னெட் பள்ளியைப் பாருங்கள். 1911-இல் தொடங்கியது, லட்யன்ஸ் வடிவமைத்த கட்டடம். தேர்வு இரண்டு சுற்று. எந்தக் கிராமர் பள்ளியானாலும் தேர்வுக்குப் பள்ளியிடம் முன்பே பதிய வேண்டும். அது வேறு, நீங்கள் குடியிருக்கும் உள்ளாட்சிக்கு அக்டோபர் 31-க்குள் கொடுக்கும் விண்ணப்பம் வேறு. முதல் சுற்று ஆறாம் ஆண்டு தொடங்கிய கையோடு செப்டம்பரிலேயே வந்துவிடும். வீட்டு முகவரி உறுதியானதும் எழுதுங்கள், மற்றதைச் சொல்கிறேன்.