கரித்த தண்ணீரில் போன ஒரு ஈடு முட்டை

பர்மாவில் சிரியம் பக்கம் ரோகு மீன் குஞ்சு பொரித்து விற்கிறேன். இங்கே ஙமிச்சின் என்று கேட்டால்தான் கிடைக்கும். போன வருடம் மழை பிந்திவிட்டது. குளம் வற்றியதால், ஓடையில் கடல் ஏற்றம் வந்த நேரம் பம்பு போட்டுத் தொட்டியை நிரப்பினேன். நாக்கில் வைத்தால் லேசாகக் கரித்தது. பெரிய மீனே சும்மா நீந்துகிறது, முட்டைக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

ரோகு முட்டை விழுந்ததும் தண்ணீரை இழுத்து ஊற வேண்டும். வெந்த ஜவ்வரிசி மாதிரி 4, 5 மில்லிமீட்டருக்கு உப்பி, கண்ணாடியாகி, நடுவில் கரு தெரியும். அன்றைக்குச் சரியாக உப்பவே இல்லை. காலையில் பாதிக்கு மேல் வெள்ளையாகிச் செத்திருந்தது. 28 டிகிரி சூட்டில் 14 முதல் 20 மணி நேரத்துக்குள் பொரிய வேண்டியது. பொரிந்த கொஞ்சமும் முதுகு வளைந்து அடியிலேயே வட்டம் போட்டது. அப்புறம்தான் உப்பு பார்க்கிற மீட்டரை இரவல் வாங்கினேன். லிட்டருக்கு 6 கிராம்.

தாய் மீனுக்குச் செவுளும் சிறுநீரகமும் இருக்கின்றன, சமாளித்துவிடும். புதுக் குஞ்சுக்குச் செவுள் இன்னும் வேலைக்கு வரவில்லை. மஞ்சள்கருப் பையின் தோலில் இருக்கும் செல்கள்தான் உப்புக் கணக்கைப் பார்க்கின்றன. அப்போதுதான் விழுந்த முட்டைக்கு அதுவும் இல்லை. இது எனக்குத் தெரியாமல் இத்தனை வருடம் தொழில் செய்திருக்கிறேன்!

*மெர்குயிலிருந்து ஒருவர்:*
அண்ணே, எனக்கு நேர் எதிர். கொடுவா மீன் பொரிப்பகத்தில் வேலை பார்த்தேன். கொடுவா முட்டைக்கு 28 முதல் 32 கிராம் உப்பு வேண்டும், அப்போதுதான் மேலே மிதக்கும். ஒரு ராத்திரி மூடாத தொட்டியில் அடைமழை இறங்கி 18க்கு வந்துவிட்டது. முட்டை எல்லாம் அடியில் போய்க் குவிந்து, காற்றில்லாமல் அழுகிப் போச்சு. இதில் வேடிக்கை, அதே மீனின் விரலளவு குஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் குறைத்து நல்ல தண்ணீருக்கே பழக்கிவிடலாம்.

*ஹென்சடாவிலிருந்து:*
உல்லம் கடலில் வளர்ந்தாலும், முட்டை போட ஐராவதி ஆற்றில் ஏறி வருவது இதனால்தானோ? எங்கள் ஆச்சி அதைப் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போகிற மீன் என்பாள்.

*சிரியத்துக்காரர்:*
ஆச்சி சொன்னது சரிதான். இந்த வருடம் மீட்டர் சொந்தமாக வாங்கிவிட்டேன். இரண்டு நல்ல மழை விழுந்த பிறகு, கடல் வற்று நேரத்தில்தான் பம்பு போட்டேன். 0.5 காட்டியது. முட்டை ஊறி உருண்டதைப் பார்த்த பிறகுதான் தூக்கம் வந்தது.