கடல் நீர்த் தொட்டியில் மீன்கள் நன்றாக இருக்கின்றன, நத்தைகள் மட்டும் சாகின்றன. ஏன்?

கேள்வி:
வணக்கம். குறைந்த செலவில் ஒரு கடல் நீர்த் தொட்டி அமைத்திருக்கிறேன். வேறொருவர் பயன்படுத்திய 100 லிட்டர் கண்ணாடித் தொட்டி. கல், மணல் போக உள்ளே 85 லிட்டர் தண்ணீர் நிற்கும். ட்ரை ராக் (உலர்ந்த பாறை), மெல்லிய மணல், நீரோட்டத்துக்கு ஒரு பவர்ஹெட், ஹீட்டர், விளிம்பில் தொங்கும் ஃபில்டர், இவ்வளவுதான். கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கிடையாது. சைக்கிளிங் (கழிவை மாற்றும் நல்ல பாக்டீரியா வளரும் காலம்) முடிந்த பிறகே உயிர்களை விட்டேன். இன்றைய அளவு: அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10 பிபிஎம், வெப்பம் 26 டிகிரி. தண்ணீரின் அடர்த்தியை வைத்து உப்பளவைச் சொல்லும் ஹைட்ரோமீட்டர் 1.025 காட்டுகிறது (வெறும் தண்ணீர் 1.000).

இரண்டு கிளவுன் மீன்களும் ஓடியாடி நன்றாகச் சாப்பிடுகின்றன. மணலிலும் கண்ணாடியிலும் பழுப்பாக ஒரு படலம் படிகிறது. அதைத் தின்னட்டும் என்று டர்போ நத்தைகள் விட்டேன். கொஞ்சமும் நகராமல் கவிழ்ந்து கிடந்தே செத்துவிட்டன. மறுபடி விட்டவையும் அப்படியே. தண்ணீர், வீட்டில் குடிக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தில் பிடித்தது. ஸ்கிம்மர் இல்லாததுதான் காரணமா? கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை எதில் போடுவது?

பதில் 1:
ஸ்கிம்மருக்கும் இதற்கும் தொடர்பு இருக்காது நண்பரே. எனக்குச் சந்தேகம் செம்பின் மீது. மீன் நோய்க்குச் செம்பு கலந்த மருந்து விடுவார்கள். மீன்கள் தாங்கும் அளவே நத்தை, இறால் எல்லாவற்றையும் கொன்றுவிடும். பழைய தொட்டி என்கிறீர்கள். முன்பு வைத்திருந்தவர் மருந்து போட்டாரா என்று கேட்டுப் பாருங்கள். செம்புக்குத் தனி டெஸ்ட் கிட் உண்டு.

கேட்டவர்:
விசாரித்துவிட்டேன். அவர் நன்னீர்ச் செடிகள்தான் வைத்திருந்தாராம், மருந்து எதுவும் போட்டதில்லை. கடைக்காரரிடம் தண்ணீர் கொடுத்துப் பார்த்ததில் செம்பும் இல்லை. இனி எதைப் பார்க்கட்டும்?

பதில் 2:
உங்கள் ஹைட்ரோமீட்டர் முள் ஆடுகிற வகையா? அப்படியானால் அந்த 1.025ஐ நம்பாதீர்கள். முள்ளில் காற்றுக் குமிழி ஒட்டினாலே அளவு ஏறிக் காட்டும், உண்மையில் உப்பு குறைவாக இருக்கும். புதிதாக வாங்கியதிலும் பிசகு இருப்பதுண்டு.

உப்பு குறைந்தால் மீன் ஏன் சாகவில்லை என்று கேட்பீர்கள். மீன் தன் உடலுக்குள் இருக்கும் உப்பின் அளவைச் செவுளாலும் சிறுநீரகத்தாலும் தானே சீராக வைத்துக்கொள்ளும். நத்தைக்கு அது முடியாது. வெளித் தண்ணீர் எப்படியோ, அப்படியே அதன் உடல் நீரும் மாறிவிடும். திடீரென்று மாறினால் செயலற்றுக் கவிழ்ந்துவிடும். நீங்கள் சொல்வது அச்சு அசல் அதுதான்.

காசு செலவில்லாமல் சோதிக்க வழி இருக்கிறது. சமையல் எடைத் தராசில் 37 கிராம் சாதாரண உப்பையும் 963 கிராம் சுத்தமான ஆர்.ஓ. தண்ணீரையும் எடை போட்டு நன்றாகக் கரையுங்கள். தொட்டித் தண்ணீரின் சூட்டுக்கு வந்ததும் ஹைட்ரோமீட்டரை நிரப்பி, தட்டித் தட்டிக் குமிழியை வெளியேற்றிவிட்டுப் பாருங்கள். 1.026 ஒட்டி வர வேண்டும். இந்தக் கரைசல் சோதனைக்கு மட்டும்தான். கால்சியம், மெக்னீசியம் எதுவும் இல்லாத இதைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்.

கேட்டவர்:
அண்ணா, இரண்டு முறை கரைத்துப் பார்த்தேன், இரண்டு முறையும் 1.031! 0.005 கூடக் காட்டுகிறது. அப்படியென்றால் என் தொட்டி 1.020லா இருக்கிறது?

பதில் 2:
ஆமாம், அதேதான். கிட்டத்தட்ட 27 பிபிடி, அதாவது ஒரு கிலோ நீரில் 27 கிராம் உப்பு. கடல் நீர் 35. உங்கள் மீன்கள் சமாளித்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவே.

இப்போது அவசரப்பட்டு உப்பைக் கொட்டாதீர்கள். 85 லிட்டரை 27லிருந்து 35க்கு ஏற்ற 680 கிராம் கடல் தொட்டி உப்பு தேவை. தினம் ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாகச் சரியான 35 பிபிடி உப்பு நீரை ஊற்றுங்கள். ஒரு நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியானால் 35 கிராம் உள்ளே போகும், சுமார் மூன்று வாரத்தில் அளவு தானாக ஏறிவிடும். உப்பைத் தனி வாளியில் பம்ப் போட்டுக் கலக்கி, தெளிந்த பிறகே ஊற்ற வேண்டும். 35 ஆனதும் நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகு ஆவியாவதற்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். உப்பு ஆவியாகாது, மறந்துவிடாதீர்கள்.

பணத்தை எதில் போடுவது என்ற கேள்விக்கு என் பதில்: ரிஃப்ராக்டோமீட்டர், ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் கருவி. அதையும் 35 பிபிடி கரைசலில் சரிபார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும், வெறும் தண்ணீரில் 0 காட்டினால் போதாது. தொட்டி பழையதாக இருக்கட்டும், ஸ்டாண்டை நீங்களே செய்யலாம், இரண்டு சிறு மீன்களுக்கு வாரம் 10 சதவீதத் தண்ணீர் மாற்றினால் ஸ்கிம்மர் வேலையும் பெரும்பாலும் நடந்துவிடும். தண்ணீரிலும் அளக்கும் கருவியிலும் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அங்கே மிச்சம் பிடித்தால் உயிர்கள் போகின்றன, எனக்கு அதுதான் வருத்தம்.

பதில் 3:
பழுப்புப் படலத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது டயட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டியில் வருவது சகஜம், பயப்பட வேண்டாம். தண்ணீரில் சிலிக்கேட் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். குடிநீர் ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காகக் கடைசியில் கனிமம் சேர்க்கும் ஒரு கட்டம் இருக்கும், சிலவற்றில் வடிகட்டாத தண்ணீரையே கொஞ்சம் கலப்பார்கள். மெம்பிரேனை (வடிகட்டும் சவ்வை) தாண்டியதும், அந்தக் கட்டத்துக்கு முன்பே, ஒரு குழாய் பிரித்துத் தண்ணீர் எடுங்கள். அதன் பின்னால் மிச்சமுள்ள கனிமங்களையும் பிடித்துவிடும் ஒரு டி.ஐ. ரெசின் குடுவை வைத்தால், கரைந்த பொருள்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்டும். செலவு அதிகமில்லை. படலம் அடர்சிவப்பாக, வழவழப்பாக, உரித்தால் தோல்போல் வந்தால் அது வேறு, சயனோபாக்டீரியா. அப்போது நீரோட்டத்தைக் கூட்டிப் பாருங்கள்.

கேட்டவர்:
பழுப்புதான், விரலால் தடவினால் தூள்போல் பறக்கிறது. அளவு சரியானதும் உடனே நத்தை விடலாமா?

பதில் 2:
35ல் ஒரு வாரம் நிலையாக நிற்கட்டும். அப்புறம் முதலில் ஒன்றே ஒன்று விடுங்கள். பையில் வரும் தண்ணீரையும் அளந்து பாருங்கள். ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக நத்தை இருக்கும் பாத்திரத்தில் இறங்கட்டும். இரண்டு தண்ணீரின் அளவும் ஒன்றாகும் வரை, குறைந்தது ஒரு மணி நேரம். தொட்டியில் வைக்கும்போது கால் பக்கம் கீழே இருக்குமாறு கல்லின் மேல் வையுங்கள், சில நத்தைகள் கவிழ்ந்தால் தானாகத் திரும்ப முடியாது.