புதுப்பிப்பு: தோட்ட மண்டபப் பயிலரங்கில் எந்த யோசனை பலித்தது?

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் நம் இளைஞர்களும் வங்காளதேசத் தொழிலாளர்களும் ஒரே கடையில் தனித்தனி மேசையில் உட்காருகிறார்கள். சொற்பொழிவு இல்லாமல் இந்த விலகலை ஒரு பயிலரங்கில் எப்படித் தொடுவது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதியவர்களுக்கு நன்றி.

முதலில், 1998-இல் அறிமுகமான மறைமுகத் தொடர்புச் சோதனையைக் கைப்பேசியில் செய்து பார்த்தோம். முகங்களையும் சொற்களையும் எவ்வளவு விரைவாகச் சேர்க்கிறோம் என்பதை வைத்து, நாமே அறியாத சாய்வை அளக்கப் பார்க்கும் சோதனை அது. கருப்பர், வெள்ளையர் முகங்கள். எங்கள் கதைக்கு ஒட்டவில்லை. மதிப்பெண் சண்டைதான் மிச்சம்.

பலித்தது, பிரேசில் நாட்டு நாடக இயக்குநர் அகஸ்தோ போவாலின் உருவ அரங்கு. அதைச் சொன்னவருக்கு ஒரு தே தாரேக் தேநீர் கடன்பட்டிருக்கிறேன். பேச்சே கிடையாது, ஒருவர் மற்றவர்களின் உடலைக் களிமண்போல் வளைத்து ஒரு காட்சியைச் சிலையாக நிறுத்த வேண்டும்.

ஒரு வங்காளதேசத் தம்பி கடையைச் சிலையாக்கினார். என்னைக் கல்லா அருகே நிறுத்தி, என் கையை எடுத்து என் சட்டைப்பைமீது வைத்தார். அவர்கள் பக்கத்தில் வந்தாலே நான் பணத்தைத் தொட்டுப் பார்ப்பேனாம். மறுக்க வாயெடுத்தேன். “ஆமாம் மாமா, செய்வீர்கள்” என்றான் என் மருமகன்.

எதிர்பாராத சிக்கல்: தொடுவதற்குப் பெண்கள் தயங்கினார்கள். தொடாமல், தாமே நின்று காட்டி மற்றவரைப் பார்த்துச் செய்யச் சொன்னோம், சரியாகிவிட்டது. இரண்டு மணி நேரம் போதவில்லை, கூச்சம் விடவே அரை மணி ஆயிற்று.

மேசைகள் இன்னும் தனித்தனிதான். அடுத்த அமர்வு சம்பளம் போட்ட பிறகு.